கண்ணாடிக்காரரின் சொந்தக் கண்

– அந்த மூக்கு டாக்டருக்கு என் கண்ணைப் பத்தி என்னடி தெரியும்?

– ஸ்கேன் எடுத்துப் பார்த்தவர் அவர்தானே? மூக்குக்குப் பின்னாடி எலும்புக் குழியில பூஞ்சை பிடிச்சு, கண்ணுக்குப் போற நரம்புகளை அரிச்சுக்கிட்டிருக்கு, இன்னைக்கே ஆபரேஷன்னு சொன்னாரு. நீங்க அவரை முறைச்சுட்டு வந்து கடையைத் திறந்து வச்சிருக்கீங்க.

– பூஞ்சையாம்! நான் என்ன ஊசிப்போன ரொட்டியா?

– ரொட்டின்னா தூக்கிப் போட்டிருப்பேன். கட்டிக்கிட்டுத் தொலைச்சேனே.

– வாயைப் பாரு.

– என் வாய் இருக்கட்டும், உங்க கன்னத்தைப் பாருங்க. சவரம் பண்ணும்போது வெட்டி, ரத்தம் சட்டையில சொட்டுது. ஐயாவுக்கு வலிக்கவே இல்ல. மூக்குல வேற கறுப்பா வருது.

– லென்ஸ் தேய்க்கிற தூசிடி.

– இமை கடை ஷட்டர் மாதிரி பாதியில நிக்குதே, அதுவும் தூசியா? சர்க்கரை ஏறிக் கிடக்கு, பயமா இருக்குங்க எனக்கு.

– சும்மா புலம்பாதே. எல்லாம் இரட்டையாத் தெரிஞ்சப்ப உன் டாக்டரா சரி பண்ணினாரு? நானே பிரிசம் லென்ஸ் தேய்ச்சுப் போட்டுக்கிட்டேன்.

– ஒண்ணா ரெண்டா? முதல்ல மெல்லிசா, அப்புறம் தடியா, இப்ப சோடா பாட்டில் அடி மாதிரி. நோய் வளர வளரக் கண்ணாடியை வளர்த்தீங்க. பெரிய கெட்டிக்காரர்!

– கெட்டிக்காரன்தான். காலையிலேருந்து இரட்டையே தெரியல. ஒரே ஒரு நீதான் தெரியுறே. அதுவே அதிகம்.

– அப்படியா?

– பின்னே? கண்ணு குணமாயிடுச்சு. போய் உன் டாக்டர்கிட்ட சொல்லு.

– சொல்றேன். வர்றவங்களை உட்கார வைப்பீங்களே, அந்த நாற்காலியில உட்காருங்க. நல்ல கண்ணைப் பொத்திக்கிட்டு, மத்த இமையை விரலால தூக்கிப் பிடிங்க. எதிர்ச் சுவர்ல இருக்கிற எழுத்து அட்டையைக் கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டீங்கன்னா, ஆஸ்பத்திரிப் பேச்சையே எடுக்க மாட்டேன்.

– சத்தியமா?

– சத்தியமா.

– பொத்திட்டேன்.

– இறுக்கிப் பொத்துங்க. ம்... படிங்க.

– பறக்காதே. மேல, ப. அடுத்தது ட, ம. அதுக்குக் கீழ க, ர, ந, வ. கடைசிப் பொடி எழுத்தும் வேணுமா? ச, ல, ப, த, ய, ண. ஒரு எழுத்து தப்பா? சொல்லுடி இப்ப!

– ஒரு எழுத்தும் தப்பில்லைங்க. ஆனா நீங்க கண்ணைப் பொத்தினதுமே அட்டையைக் கழட்டி என் கையில வச்சுக்கிட்டேன்.