கட்டியைத் தேடிப் போன தகப்பன்

மைக்கை அணைச்சிடாதீங்கப்பா, பந்தி போட இன்னும் நேரமிருக்கு! காது குத்துற வீட்டுக்கு வந்திருக்கிற பெரியவங்களே, தாய்மாருங்களே... பிள்ளை வளர்க்கிறதைப் பத்திப் பேசிக்கிட்டு வந்தேன் இல்லையா? அதுல ஒரு குட்டிக் கதை இருக்கு, காது கொடுங்க. கதைன்னா, என் கண்ணால பார்த்தது.

நான் படிச்சது எட்டாவதுதான். ஆனா நம்ம ஜில்லாவுல எந்த டாக்டரும் என்னைக் கேட்காம ஊசியைக் கையில எடுக்கமாட்டார்! சிரிக்காதீங்கக்கா, உண்மை.

எங்க தெருவுல ரைஸ்மில் சௌந்திரபாண்டி. ஒரே மக, இன்பவல்லி. பெத்தவ பிரசவத்திலேயே போய்ட்டா. பிள்ளைக்கு அப்ப வயசு ஒன்பது... பார்த்தா அஞ்சுதான் மதிப்பீங்க. பால் உண்டு, முட்டை உண்டு, பாதாம் உண்டு. சமைக்க ஆள், துவைக்க ஆள். வளர்த்தி மட்டும் இல்லை.

"மாப்ளே, நல்ல டாக்டராப் பாரு"ன்னார். என்னை விட்டா யாரைக் கேட்பார்?

அப்பனையும் மகளையும் மதுரைக்குக் கூட்டிட்டுப் போனேன். டாக்டரம்மா மெஹருன்னிசா பிள்ளையோட இடது கையை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாங்க. "வயசு ஒன்பது. எலும்புக்கு அஞ்சுதான் ஆகுது"ன்னாங்க. வளர்த்தியைக் கவனிக்கிற சுரப்பி மூளைக்கு அடியில இருக்காம், அப்புறம் அதுக்காகத் தலைக்கு ஸ்கேன். மிஷினா அது? யானை படுத்துக் கிடக்கிற மாதிரி! அது போடுற சத்தத்துல நம்ம திருவிழாக் கொட்டு பிச்சை வாங்கணும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம். ஸ்கேன் எடுக்கிற தம்பி மைக்குல பேசறார்... "பயப்படாதே கண்ணு... அசையக் கூடாது... இன்னும் கொஞ்ச நேரம்தான்டா தங்கம்..."

முடிஞ்சு வெளியே இழுத்தாங்க. பிள்ளை இறங்கமாட்டேங்குது!

"என்னம்மா, பயந்துட்டியா?"

"இல்லை மாமா... அந்த அண்ணனை இன்னும் கொஞ்சம் பேசச் சொல்லு."

கேட்டீங்களா?

டாக்டரம்மா படத்தைப் பார்த்துட்டு, "மூளையில ஒரு கோளாறும் இல்லை"ன்னாங்க. தகப்பன் சந்தோஷப்படணுமா இல்லையா? முகம் தொங்கிப்போச்சு!

"நல்லாப் பாருங்கம்மா. சின்னதா ஒரு கட்டியாவது இருக்கும்."

ஏங்க, பெத்தவன் கேட்கிற கேள்வியா இது? கட்டின்னா அறுத்து எடுத்திடலாம். கட்டி இல்லைன்னா... குறை வேற எங்கேயோ இருக்குன்னு ஆயிடுமே!

"இவளைக் கடைசியா எப்ப மடியில வெச்சீங்க?"ன்னாங்க டாக்டரம்மா.

சௌந்திரபாண்டி மெதுவா, "இது மூஞ்சியப் பார்த்தா அவ ஞாபகம் வருதும்மா..."

"சில பிள்ளைங்களுக்குப் பாசம் கிடைக்காட்டி வளர்ச்சியே நின்னுடும் ஐயா. கிடைச்சா மறுபடி வளரும். எலும்போட வளர்ற முனை மூடுறதுக்குள்ள கொடுங்க."

"வளர்த்திக்கு வைத்தியம் கேட்டா, பிள்ளையைக் கொஞ்சச் சொல்றீங்களா?" படத்தை உருவிக்கிட்டு எழுந்துட்டார்.

கோயமுத்தூர் போனார். சென்னை போனார். இதைவிடப் பெரிய மிஷின் எங்கே இருக்கு, எங்கே இருக்குன்னு ஓடினார். எல்லாப் படமும் ஒரே பதில்... ஒண்ணுமில்லை, ஒண்ணுமில்லை. கார் ஓட்டினது நான், அவர் முன்சீட்டு, பிள்ளை பின்சீட்டு. "மச்சான், நீங்களும் பின்னாடி உட்காருங்களேன்"னு சொன்னேன். "எட்டாங்கிளாசு, ரோட்டைப் பாரு"ன்னார்.

வருஷம் பத்து ஓடிப்போச்சு. இப்ப அவளுக்குப் பத்தொன்பது. போன மாசம் எடுத்த எக்ஸ்ரேல எலும்பு மூடிப்போச்சு. இனி தங்கத்தைக் கரைச்சு ஊத்தினாலும் வளராது. அதைக் கேட்டுட்டு, முதல் தடவையா மக தலையில கையை வெச்சார்... அவ விலகி உட்கார்ந்துக்கிட்டா. பழக்கமில்லாத கை.

யாரோ ஒரு மில்லுக்காரன் கதைன்னு நினைக்கிறீங்களா? பாசத்தை அப்புறம் கொடுத்துக்கலாம்னு எடுத்து வைக்கிறவங்க எல்லாரும் சௌந்திரபாண்டிதான். இதோ, மேடையைத் திரும்பிப் பாருங்க. காலையில காது குத்தின பிள்ளை. சுத்தி அத்தனை சீர்த்தட்டு. ஆள் ஆளா வந்து போட்டோ எடுத்துட்டுப் போறீங்க...

வலிக்குதான்னு ஒருத்தர் கேட்டீங்களா?