பெட்டிக்கு வெளியே ஒரு மணல்

பூனைப் பெட்டியில் மூன்று விரல் உயரத்துக்கு மேல் மணல் கொட்டக்கூடாது, மேடம். நிறையப் பேர் செய்கிற தவறு அதுதான். பூனை தோண்டத்தான் செய்யும், அதன் பிறவிக்குணம் அது. நிறையக் கொட்டினால் நிறையத் தோண்டும், வெளியே இறைபடும். அப்புறம் பூனையைத் திட்டி என்ன பயன்?

நான் அதை ஒரு நாளும் திட்டியதில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொட்டு என் மனைவியின் பூனை. நெற்றியில் கறுப்பாக ஒரு புள்ளி இருப்பதால் அந்தப் பெயர். கல்யாணமாகி வந்தபோதே கூடையில் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீடு மேல்மாடியில் இருக்கிறது, பூனையை வெளியே விட வழியில்லை. அதனால் குளியலறைக்குப் பக்கத்தில், நடையில், அது வெளிக்குப் போக ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் மணல் வைத்தோம்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். துடைக்கிற துணியில் ஒரே ஒரு மணல் ஒட்டியிருந்தால் போதும், லென்ஸில் கோடு விழுந்துவிடும். முதலாளி கத்துவார், வாடிக்கையாளர் முகத்தைச் சுளிப்பார். பகலெல்லாம் மணலுக்குப் பயந்துவிட்டு வீட்டுக்கு வருகிறவனுக்கு, ஷூவைக் கழற்றியதும் உள்ளங்காலில் நறநறவென்று குத்தினால் எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்கள்.

ஆனாலும் கோபப்படவில்லை. யோசித்தேன். பக்கச் சுவர் உயரமான பெட்டி வாங்கினேன். அதன் வாசலில் வரிவரியாகப் பள்ளம் உள்ள ரப்பர் விரிப்பு போட்டேன், பாதத்தில் ஒட்டியது அதில் உதிரும். பொடி மணல் ஒட்டிக்கொள்கிறது என்று பெரிய பருக்கையாக மாற்றினேன். பாத விரல்களுக்கு இடையில் வளரும் முடியை மனைவி பிடித்துக்கொள்ள நான் சின்னக் கத்தரியால் நறுக்கிவிட்டேன். பொட்டு அசையாமல் படுத்திருந்தது. அவ்வளவு நம்பிக்கை என்மேல். கடைசியாக, மேலே ஓட்டை வைத்த மூடி போட்டேன். நடையில் மணல் நின்றேவிட்டது.

படுக்கையறையில்தான் நிற்கவில்லை. அதுவும் நான் படுக்கிற பக்கம், கட்டிலுக்குக் கீழே, தினமும் நாலைந்து பருக்கை.

"நான் கதவ சாத்தியேதாங்க வச்சிருக்கேன். பொட்டு இங்க வர்றதே இல்ல," என்றாள் மனைவி.

"அப்ப யாரு கொண்டுவந்தது?"

பதில் இல்லை. பதில் சொல்லாவிட்டால் ஒப்புக்கொண்டதாகத்தானே அர்த்தம்.

அதனால் வீட்டில் ஓர் ஒழுங்கு கொண்டுவந்தேன். சாயங்காலம் வந்ததும் பெட்டியின் மூடியைத் திறந்து, முன்னால் குந்தி உட்கார்ந்து, கையை விட்டு மணலைச் சமப்படுத்தி, விரல் வைத்து உயரம் பார்ப்பேன். பிறகு படுக்கையறைக்குப் போய் உடை மாற்றுவேன். பிறகு தரையைப் பார்ப்பேன். பருக்கை இருந்தால் அவள் மண்டியிட்டுப் பொறுக்க வேண்டும். துடைப்பம் கூடாது, கையால்தான். துடைப்பத்தால் பெருக்குகிறவளுக்கு மணலின் அருமை தெரியாது.

அவளுக்குப் புரிய நாளானது. ஒரு தடவை அவள் உள்ளங்கையைத் தரையில் விரிக்கச் சொல்லி, அதற்குக் கீழே பருக்கைகளை வைத்து, மேலே ஏறி நின்றேன். எப்படிக் குத்தும் என்று அவளுக்கும் தெரிய வேண்டாமா? அன்று கடைக்குப் போட்டுப்போகிற ஷூவை நான் கழற்றாமல் இருந்தது தற்செயல். இரண்டு விரல் முறிந்துவிட்டது. கதவிடுக்கில் மாட்டிக்கொண்டதாக டாக்டரிடம் அவளே சொன்னாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்றேன், அவ்வளவுதான்.

அவள் மழலையர் பள்ளியில் ஆர்மோனியம் வாசித்துப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். விரல் மடங்கவில்லை என்று வேலையை அவளாகவே விட்டாள். வீட்டைக் கவனிக்க நேரம் கிடைத்தது. ஒரு வகையில் நல்லதுதான்.

கீழ்வீட்டுத் தையல்காரம்மா படிக்கட்டில் ஒரு நாள் கேட்டார்கள். "மேல என்ன தம்பி, அடிக்கடி தொம்முனு சத்தம் கேக்குது?"

"பூனைங்க," என்றேன்.

"பூனையா? யானை வளக்குறீங்கன்னு நினைச்சேன்." சிரிக்காமல் சொன்னார்கள். நான் சிரித்தேன்.

அன்றைக்கும் வழக்கம்போலத்தான் வந்தேன். மணலைப் பார்த்தேன், உடை மாற்றினேன், தரையைப் பார்த்தேன். பருக்கை கிடந்தது. கூப்பிட்டேன். வெளியே போகிற சேலையில் வந்து நின்றாள். பின்னால் நடையில் பூனைக் கூடை, ஒரு துணிப்பை.

"அக்கா கூட்டிட்டுப் போக வர்றாங்க. நான் போறேன்."

"போ. இதப் பொறுக்கிட்டுப் போ."

அவள் குனியவில்லை. நாற்காலியில் நான் கழற்றிப் போட்டிருந்த பேண்டை எடுத்தாள். நான் குள்ளம், கால் பக்கத்தை மடித்துவிட்டுக்கொள்வது வழக்கம். அந்த மடிப்பை அவள் பிரித்து உதறினாள். பொலபொலவென்று மணல் கொட்டியது.

"தினம் நீங்கதான் கொண்டுவர்றீங்க. பெட்டி முன்னாடி குந்தி அளையுறீங்கல்ல, அப்ப மடிப்புல விழுது. இங்க வந்து கழட்டுறப்ப கொட்டுது."

"எப்பலேருந்து தெரியும் உனக்கு?"

"ரொம்ப நாளாத் தெரியும். சொன்னா என்ன பண்ணுவீங்களோன்னு பயந்துட்டு இருந்தேன்."

பார்த்தீர்களா, மேடம்? தெரிந்துகொண்டே மறைத்திருக்கிறாள். புருஷனிடம். சொல்லிவிட்டு லேசாகச் சிரித்தாள். கேலி இல்லை. ஏதோ பாரத்தை இறக்கி வைத்தவள் மாதிரி. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

முடியைப் பிடித்து நடைக்கு இழுத்து வந்தேன். கத்தினாள், சுவரில் ஒரு தடவை மோதியதும் நிறுத்தினாள். முழங்காலை முதுகில் ஊன்றிக்கொண்டு பெட்டியின் மூடியைக் கழற்றினேன். அந்த மூன்று விரல் உயர மணல் போதாது என்று தெரிந்தது. பக்கத்திலிருந்த புது மூட்டையைக் கவிழ்த்தேன். பிறகு முகத்தை உள்ளே அழுத்தினேன். மணல் எங்கே இருக்க வேண்டுமோ அந்த இடத்தை அவளுக்குக் காட்டத்தான். கையால் விளிம்பை அடித்துக்கொண்டே இருந்தாள், கொஞ்சம் வெளியே சிதறியது. அதனால் கைகளையும் பின்னால் சேர்த்துப் பிடிக்க வேண்டியதாயிற்று. கூடைக்குள் பொட்டு ஒரே மாதிரி கத்திக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவள் அடங்கினாள். அதற்குப் பிறகும் நான் கையை எடுக்கவில்லை.

சிதறியதைப் பெருக்கினேன். அவள் அக்கா கதவைத் தட்டியபோது வீடு சுத்தமாக இருந்தது. "செருப்ப வெளியவே விட்டுட்டு வாங்கக்கா," என்றேன். என் தோளுக்கு மேலாக நடையைப் பார்த்தார்கள். செருப்போடுதான் உள்ளே ஓடினார்கள்.

பொட்டு இப்போது தையல்காரம்மாவிடம் இருக்கிறதாம். போய்ப் பாருங்கள், அதன்மேல் ஒரு கீறல்கூட இருக்காது.

ஆமாம், நான்தான் கொன்றேன். அதில் எனக்கு மறுப்பில்லை, வாக்குமூலத்தில் எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் மணலை நான் கொண்டுவந்தேன் என்று அவள் சொன்னது பொய். அவள் அக்கா வருவதற்குள் அந்தப் பேண்டை மடிப்புப் பிரித்து, அலசி, கொடியில் காயப்போட்டுவிட்டேன். ஆளை அனுப்பிப் பாருங்கள், மேடம். ஒரு மணல்கூடக் கிடைக்காது.