சன்னலுக்கு வெளியே நின்ற செபம்

சோப்பையும் சுடுநீரையும் சேனையாய்க் கொண்டு, கண்ணுக்குத் தெரியாப் பகைவரைக் கதவோரமே கலங்கடித்த கருணைத் தாயே! டாக்டர் துரையையும் கைகழுவ வைத்துவிட்டுக் கட்டிலருகே விட்ட தைரியமே! நம் மிஷன் ஆசுபத்திரிக் குழந்தைகள் வார்டின் தலைமை நர்ஸ், ராஜபாய் அம்மையே! பணி ஓய்வுபெற்று விடைபெறும் தங்களுக்கு எங்கள் பணிவார்ந்த வந்தனம்.

கால் நூற்றாண்டாய்த் தங்களுக்கு அஞ்சிக் கழுவிக் கழுவி எங்கள் கைகள் தேய்ந்துவிட்டன. ரேகை பார்ப்பவன் பார்த்தால், எதிர்காலமே இல்லையென்று விரட்டிவிடுவான். ஆயினும் அக்கைகளே இன்று பெருமையோடு தங்களை நோக்கிக் குவிகின்றன. பிள்ளைக்கொரு தம்ளர், அதைக் கொதிக்கவைக்கத் தனிச் சட்டி, கட்டிலுக்கும் கட்டிலுக்கும் நடுவே ஆள் படுக்கும் இடைவெளி என்று தாங்கள் வகுத்த சட்டங்களை அன்று முணுமுணுத்தோம். இன்று புதிதாய் வருவோருக்கு எங்கள் சொந்தச் சரக்கு போலச் சொல்லித் தருகிறோம்.

நான்கு ஆண்டுக்கு முன், முப்பத்திரண்டாம் ஆண்டு ஐப்பசி அடைமழையை எப்படி மறப்போம்? புதுக்கடை நேசபாயின் மகள் ஜெபகுமாரி, நான்கு வயதில் எலும்பும் தோலுமாய் வந்து சேர்ந்தாள். முத்தமிட்டால் கன்னம் உப்புக் கரிக்கிறது என்றாள் தாய். நெஞ்சிலே பசைபோல் சளி. நோயின் பெயர் டாக்டருக்கும் தெரியவில்லை. இன்னொருவர் சளி தொற்றினால் பிள்ளை தாங்காது என்பது மட்டும் தெரிந்தது. கடைசி அறையில் அவளைத் தனியே கிடத்தி, கழுவாத கையும் இருமும் வாயும் உள்ளே வரலாகாது என்றீர்கள்.

சபையே திரண்டுபோய்க் கட்டிலைச் சூழ்ந்து, தலைதொட்டுச் செபித்து, கன்னத்தில் முத்தமிட்டு வருவதல்லவா நம் ஊர் நலம் விசாரிப்பு? பிள்ளையின் பாட்டனார், நம் சபை உபதேசியார் ரசலையன், அப்படியே சபையாரோடு நனைந்து வந்தார். வழியெல்லாம் இருமினார், அது அவர் காதிலேயே விழவில்லை. பேத்தியின் தலையில் கைவைத்துச் செபித்தால் பிழைப்பாள், வைக்காவிட்டால் தம் குற்றம் என்றே அவர் நெஞ்சு அடித்துக்கொண்டது. கதவுக் காவலரான நாங்கள் அவரைக் கண்டதும் வீரத்தோடு மருந்தறைக்குள் ஓடி, யாரும் கேட்காத மருந்தைக் கலக்கத் தொடங்கினோம். தாங்கள் வாசலில் நின்றீர்கள்.

"எனக்க பேத்தி தலையில நான் கை வைக்கப்பிடாதா?" என்றார் அவர்.

"செபம் சன்னல் வழியா வரும், உபதேசியாரே. ஒங்களுக்க இருமல் வெளிய நிக்கட்டு."

தங்கள் வேலையைப் பறிக்காமல் விடுவதில்லை என்று சபையார் கொதித்தனர். தாங்கள் சன்னலை அகலத் திறந்துவைத்தீர்கள். உபதேசியார் மழையிலேயே தள்ளி நின்று, சன்னலை நோக்கி இரு கைகளையும் நீட்டிச் செபித்தார். உள்ளேயிருந்து "பாட்டா" என்று பிள்ளை சிரித்தாள். அடைமழைக் காலம் ஓய்ந்தபின், உடல் தேறி, தாயின் விரல் பிடித்து நடந்துபோய் வண்டியேறினாள். தங்கள்மேல் புகார் சொல்லக் கிளம்பிய வாய்கள் அதன்பின் நம் வார்டுப் பக்கம் திறக்கவில்லை, இருமுவதற்குக்கூட.

அம்மையே! நீண்ட ஆயுளும் நிறைந்த சுகமும் தங்களைச் சூழ்வதாக! தங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிகள்மேல் கர்த்தர் இரங்குவாராக. வாசலில் சோப்பு காத்திருக்கும்.

ஜெபகுமாரி இதோ, தங்கள் அருகில் அமர்ந்திருக்கிறாள். அவள் பாட்டனாருக்குப் போட்ட நாற்காலி காலி. நேற்றிலிருந்து அவருக்குத் தடுமனும் இருமலும். யாரும் சொல்லாமலே சன்னலுக்கு வெளியே நிற்கிறார். தங்களுக்கான ஆசீர்வாதச் செபம் அங்கிருந்து வரும்.

இங்ஙனம்,
சோப்பிட்டுக் கழுவிய கைகளால் ஒப்பமிடும்
குழந்தைகள் வார்டு ஊழியர்கள்
1936