கரையாத கருப்புத் தூள்

நவம்பர் 14, வியாழன். இன்று ஒரு சிறு பிழை செய்துவிட்டேன். சிறியதுதானா என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பட்டுத் துணியில் நானோ கரித்தூளைப் பூசி, அதில் சூரிய மின்சாரத்தைச் சேமிக்க முடியுமா என்று மாலை வகுப்பில் சோதித்து வருகிறோம். துண்டுத் துணி கேட்டு மதியம் சேவூரில் ஃப்ளோரன்ஸ் அத்தையும் ராபர்ட் மாமாவும் நடத்தும் பட்டு நூல் சாயப்பட்டறைக்குப் போனேன். கையோடு கொண்டுபோன தூள் டப்பாவை மறந்து அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். அதன்மேல் பெயர்கூட எழுதவில்லை. வகுப்பு வராந்தாவிலிருந்து போன் செய்தேன். நான் பேசியது இது:

"ஹலோ... அத்தை, ஜாய்ஸ் பேசறேன்... ஆமா, ஆமா, சாப்ட்டேன். சாய டப்பாங்களோட ஒரு வெள்ளை டப்பா... இன்னாது? தொறந்துட்டீங்களா?

...இல்ல அத்தை, அது கருப்புச் சாயம் இல்ல... ஈர உள்ளங்கையில போட்டுப் பாத்தீங்களா? கரையாது. எவ்ளோ தேச்சாலும் கரையாது... டூப்ளிகேட்டுன்னு மாமா சிரிக்கிறாரா? சிரிக்க வேணாம்னு சொல்லுங்க. அவரு வாயையே தொறக்க வேணாம்!

...கோச்சிக்காதீங்க அத்தை... ஆமா, கரிதான். ஆனா அடுப்புக்கரி மாதிரி இல்ல, கண்ணுக்கே தெரியாத பொடி. மூச்சுல போச்சுன்னா நெஞ்சுலயே தங்கிடும்னு மிஸ்ஸு இப்பதான்... இருங்க. இன்னா சத்தம் அது?

...கை பட்டு டப்பா கொட்டிடுச்சா? முழுசாவா?

...ஃபேனா? வேணாம்! மாமா, சுவிட்ச தொடாதீங்க! அத்தை, அவருகிட்ட கத்தி சொல்லுங்க... அந்தத் தூள்ல கரண்ட் பாயும். போர்டுக்குள்ள பூந்திருந்தா... ஆமா, ஷாக் அடிக்கும். உங்க கையும் ஈரம்... தொடப்பமும் போடாதீங்க, இன்னும் பறக்கும். முந்தானைய நனைச்சி மூக்கு, வாயில கட்டிகினு வெளிய வாங்க. ஜல்தி!

...மாமா ஏன் வரல?... தொட்டியில நூலு கொதிச்சிகினு இருக்குதா?... கல்யாணப் பட்டு நூலா இருந்தா இன்னா, போனா போவட்டும்! அவரு கையப் புடிச்சி இஸ்துகினு வாங்க...

...அத்தை? பேசுங்க... வந்துட்டாரா? ரெண்டு பேரும் தெருவுலதான?... அப்பாடா, ஏசப்பா... யாரு அது இருமுறது?... மூக்கு, வாயெல்லாம் கருப்பா? தண்ணி ஊத்திக் கழுவுங்க. கொப்பளிக்கச் சொல்லுங்க... நான் இப்பவே பஸ் ஏறி... இன்னும் இருமிகினே இருக்காரா? அத்தை? ஹலோ... ஹலோ..."

லைன் கட்டாகிவிட்டது. உடனே பஸ் ஏறி சேவூருக்கு வந்துவிட்டேன்; மாமாவின் இருமல் குறைந்திருக்கிறது, ஆனால் நிற்கவில்லை.

நாளை: காலையில் ராபர்ட் மாமாவை எக்ஸ்ரே எடுக்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போக வேண்டும். அது என்ன தூள், யார் வைத்தது என்று டாக்டரிடம் நானே சொல்ல வேண்டும்.