பின்னட்டையில் பதினோரு கருத்துகள்

புத்தகத்தைக் கிழியாமல் திருப்பித் தருகிற வாசகர் கிடைப்பதே பெரிய விஷயம், இன்ஸ்பெக்டர் சார். அவரைப் படித்ததைப் பற்றி இரண்டு வரி எழுதவும் வைப்பதென்றால் பெரிய பாடு. அந்தப் பாட்டை நான் இருபத்தாறு வருஷமாகச் சிரித்த முகத்தோடு பட்டுவந்தேன். நீங்கள் மரியாதையாகக் கேட்டதால் எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்கிறேன். அவசரம் இல்லையே?

எங்கள் நூலகத்தில் நான் வைத்த சட்டம் அது. ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் கோடு போட்ட தாள் ஒட்டியிருக்கும். படித்தவர் பெயர் போட வேண்டாம், இரண்டு வரி கருத்து எழுதினால் போதும். எழுதாவிட்டால் அடுத்த புத்தகம் கிடையாது. முடிதிருத்தும் தம்பி எதை எடுத்தாலும் முதல் வரியில் ‘சுமார்’ என்றும் இரண்டாவது வரியில் ‘ரொம்ப சுமார்’ என்றும் எழுதுவான். அகராதிக்கும் அப்படித்தான் எழுதிவைத்திருந்தான்.

“ஏம்ப்பா, அகராதியில உனக்கு என்ன கொறை?” என்று கேட்டேன்.

“கதையே நகரல அக்கா” என்றான்.

இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக ஓடிக்கொண்டிருந்த இடத்துக்குத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. ஒரு நாளைக்கு முப்பது புத்தகமாவது வெளியே போக வேண்டும், இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் இழுத்து மூடிவிடுவோம் என்று எழுதியிருந்தார்கள். எங்களுக்குப் போனது ஏழு. அதில் இரண்டு நானே என் பெயரில் எடுத்தது. எனக்குக் குடும்பம், குட்டி எதுவும் இல்லை. காலையில் ஜன்னல்களைத் திறந்து, மேஜையைத் துடைத்து, தேதி முத்திரையைத் திருப்பி வைப்பதுதான் என் வாழ்க்கை. அதையும் பிடுங்கிவிட்டால் நான் எங்கே போவேன்?

அந்த மாதம் வந்த புதுப் புத்தகக் கட்டோடுதான் அந்தத் தடித்த நாவல் வந்தது. இதோ உங்கள் மேஜையில் இருக்கிறதே, அதுதான். அட்டைக் குறிப்பின்படி ஒரு சின்ன ஊர், அதற்குள் ஒரு தீய சக்தி. ஊருக்குப் புதிதாக வந்த போட்டோக்காரர் ஒருவர் யாரைப் படம் எடுத்தாலும் அவர்கள் ஒவ்வொருவராகச் செத்துப்போகிறார்கள். முதலில் எடுத்துப்போன மருந்துக்கடை அம்மா நாலே நாளில் திருப்பிக் கொண்டுவந்தார். ‘பயத்தில் ராத்திரி விளக்கை அணைக்க முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன்’ என்று எழுதினார். அதைப் படித்த இரண்டு பேர் புத்தகத்துக்காக என் மேஜை முன்னாலேயே சண்டை போட்டார்கள். எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது.

மூன்றாவது கருத்தை நான் எழுதினேன். இடது கையால். ‘இந்தப் போட்டோக்காரர் அப்படியே நம் ஸ்டுடியோக்காரர் மாதிரி இருக்கிறார். சிரிங்க என்று சொல்வதற்கு முன்னால் இவரும் இருமுகிறார்.’ அவ்வளவுதான். விளையாட்டாகத்தான் எழுதினேன்.

எங்கள் ஊர் ஸ்டுடியோக்காரர் ஒன்பது வருஷத்துக்கு முன்னால் வந்தவர். அறுபது வயது, ஒண்டிக்கட்டை. நல்ல மனுஷர்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. குழந்தையைச் சிரிக்கவைக்கத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு குதிப்பார். ஆனால் அதற்குப் பிறகு வந்த கருத்துகளைப் பார்க்க வேண்டுமே. நம் முடிதிருத்தும் தம்பி எழுதினான்: ‘என் மாமியார் போன வருஷம் இவரிடம் படம் எடுத்தார். எட்டே மாசத்தில் போய்விட்டார்.’ அந்த மாமியாருக்கு வயது தொண்ணூற்றிரண்டு. படித்துவிட்டு நான் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் இன்னொரு கருத்தை எழுதினேன்.

ஆர்வம் குறைகிறபோதெல்லாம் இப்படி ஒன்று எழுதிவிடுவேன். எல்லாம் சேர்த்துப் பதினொன்று. மீதி நூற்றுச் சொச்சமும் ஊர்க்காரர்கள் தாங்களாக மனமுவந்து எழுதியவை. தாள் போதாமல் அதன் கீழே தாள் ஒட்டி, அது புத்தகத்தைவிட நீளமாகத் தொங்கியது. காத்திருப்போர் பட்டியலில் அறுபத்தோரு பேர். காத்திருந்த நேரத்தில் வேறு புத்தகங்களும் எடுத்துப்போனார்கள். தலைமை அலுவலகம் இன்னும் ஐந்து பிரதிகளை அனுப்பியது. அதிகாரி நேரில் வந்து, “எப்படிம்மா சாதிச்சீங்க?” என்று கேட்டார். “எல்லாம் வாசகர்கள் தயவு சார்” என்றேன். மூடும் உத்தரவை அன்றைக்கே ரத்து செய்துவிட்டார். அவ்வளவு சந்தோஷமான நாள் என் வாழ்க்கையில் வேறு இல்லை.

ஸ்டுடியோவுக்குக் கூட்டம் குறைந்தது உண்மைதான். பிறகு ஆளே இல்லை. பள்ளிக்கூடத்துக் குழந்தைகளை அடையாள அட்டைப் படத்துக்குப் பஸ் ஏற்றி அடுத்த ஊருக்கு அழைத்துப்போனார்கள். மளிகைக்கடைக்காரர் அவருக்கான சாமானைத் தெருவிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் நடந்தார். கண்ணாடிக் கதவை யாரோ கல்லால் அடித்தார்கள். அவர் தானே பெருக்கி அள்ளிவிட்டு அட்டையை ஒட்டிக்கொண்டார். பிறகு ஒருநாள் நூலகத்துக்கு வந்து, அந்த நாவல் வேண்டும் என்று கேட்டார். ஐம்பத்தெட்டாவது ஆளாகப் பெயர் எழுதிக்கொண்டேன். வரிசை என்றால் வரிசைதான் சார், அதில் நான் யாருக்கும் பாரபட்சம் பார்ப்பதில்லை.

முறை வந்ததும் வாங்கிப்போய் இரண்டே நாளில் முழுசாகப் படித்துவிட்டார். மதிய இடைவேளையில், நான் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தபோது பின்வழியாக வந்தார்.

“ஏம்மா, நீ இதப் படிச்சியா?”

“எனக்கு இந்த மாதிரி கதையெல்லாம் ஆகாதுங்க. தூக்கம் கெட்டுடும். கருத்து மட்டும்தான் படிப்பேன்.”

“அப்படியா? எனக்கென்னமோ இந்த ஊர்ல யாருமே கடைசி அத்தியாயம் வரைக்கும் போகலன்னு தோணுது. அந்தப் போட்டோக்காரன் ஒரு தப்பும் பண்ணல. அந்த ஊர்ல தீய சக்தியா இருந்தது வேற ஒருத்தர்.”

யார் என்று நான் கேட்கவில்லை. அவர் பின்னட்டைத் தாளை நீட்டிப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோபமே இல்லை.

“நாற்பது வருஷமா நெகட்டிவ்ல பென்சில் பிடிச்சு மூக்கு முழியைத் திருத்துறவன்மா நான். கோட்டைப் பார்த்தா கை தெரியும். இதுல பதினொண்ணு ஒரே கை. அந்தப் பதிவேட்டுல நீ போடுற சுழியும் அதேதான்.”

நான் பதிவேட்டை மூடினேன்.

“பயப்படாத. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். எனக்கு ரெண்டு வரி எழுத மட்டும் இடம் குடு. கதை எப்படி முடியுதுன்னு எழுதிடறேன். ஊர் அதுவா சரியாயிடும்.”

யோசித்துப் பாருங்கள் சார். முடிவு தெரிந்துவிட்டால் அந்தப் புத்தகத்தை யார் எடுப்பார்கள்? வரிசை கலைந்துவிடும். மறுபடியும் ஒரு நாளைக்கு ஏழு. மறுபடியும் அந்தக் கடிதம். கதையின் முடிவைச் சொல்லிவிடுகிற வாசகரை நான் என்றைக்குமே மன்னித்ததில்லை.

“தாள் நெறஞ்சுபோச்சுங்க. புதுசு உள்ளறையில மேல் அடுக்குல இருக்கு. எனக்கு முழங்கால் வலி, நீங்களே எடுத்துக்கிறீங்களா?” என்றேன். “அதுக்கென்னம்மா” என்று ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். அவர் கை தாள்கட்டின் மேல் பட்டதும் ஏணியின் காலை இழுத்தேன். தள்ளவில்லை, இழுத்தேன். வாக்குமூலத்தில் அதைச் சரியாக எழுதிக்கொள்ளுங்கள்.

கீழே கல் தரை. விழுந்தவர் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தார். டாக்டரைக் கூப்பிடும்மா என்று இரண்டு மூன்று தடவை சொன்னார். மதிய இடைவேளை இரண்டு மணி வரை. அதற்கு முன் கதவைத் திறக்கக் கூடாது என்பது விதி. நான் திரும்பி வந்த புத்தகங்களுக்கு முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். இரண்டு மணிக்குக் கதவைத் திறந்தபோது அவர் பேச்சை நிறுத்தியிருந்தார்.

ஏணி சறுக்கிவிட்டது என்றேன். டாக்டரும் அப்படியே எழுதிக் கொடுத்தார், அவரும் நாவலைப் பாதி படித்தவர்தான். ஊரே பெருமூச்சு விட்டது. முடிதிருத்தும் தம்பி வாழ்க்கையில் முதல்முறையாக ‘பிரமாதம்’ என்று எழுதினான். வெளியூரில் இருக்கும் ஸ்டுடியோக்காரரின் அக்கா மட்டும் மனசு கேட்காமல் உங்களிடம் வந்துவிட்டார். அந்தப் பதினோரு கருத்துகளைப் பற்றி சாவதற்கு முந்தின நாளே தன் அக்காவுக்குக் கடிதம் போட்டிருக்கிறார் மனுஷர். யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் என்று என்னிடம் சொன்னாரே, அந்த ஒரு விஷயத்தில்தான் அவர்மேல் எனக்கு வருத்தம்.

ஆமாம் சார், நான்தான் செய்தேன். ஒரு நூலகம் பிழைப்பதற்காகச் செய்தேன். என்னைக் கெட்டவள் என்று நீங்கள் சொல்ல மாட்டீர்கள், உங்கள் முகத்திலேயே தெரிகிறது.

நீங்கள் கடைசி அத்தியாயத்தைப் படித்துவிட்டீர்களா? வேண்டாம், சொல்லாதீர்கள். இனிமேல் எனக்கு நிறைய நேரம் கிடைக்கும் அல்லவா. பயத்தைப் பார்க்காமல் நானே படித்துத் தெரிந்துகொள்கிறேன், அவ்வளவு நல்ல ஊரைக் கெடுத்த அந்தப் பாவி யார் என்று.