இரண்டாவது இழுப்பறை

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் மகளின் கையை இறுகப் பிடித்தபடி இருக்கும் தங்கையே, எண்ணெய்க் கையோடு வந்து சுவரோரம் நிற்கும் தோழர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நான் பேச்சாளன் அல்லன். இந்தப் பேருந்துப் பணிமனையின் முதலுதவி அறையில் முப்பத்தொரு ஆண்டுகளாகக் கம்பவுண்டர். ஓய்வுக்குப் பிறகும் மேலாளர் தயவில் தொடர்கிறேன். இந்தத் தாளை நான்கு முறை எழுதிக் கிழித்தேன். தடுமாறினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் பிரேக் பிரிவின் தலைமை மெக்கானிக், நீங்களெல்லாம் 'சுத்தம் அண்ணன்' என்று அழைத்தவர், நுரையீரல் புற்றுநோயில் போய்விட்டார். ஐம்பத்து நான்கு வயது! எனக்கு முன் பேசிய மூவரும் அவருடைய சுத்தத்தைப் புகழ்ந்தார்கள். உண்மைதான். அவர் வேலை முடித்த இடத்தில் ஒரு பொட்டுத் தூசி கிடந்ததுண்டா? காற்றுக் குழாயைப் பிடித்து பிரேக் டிரம்மின் மூலைமுடுக்கெல்லாம் ஊதித் தள்ளிய பிறகுதான் ஸ்பேனரைத் தொடுவார். டீ அறையில் யாராவது சிகரெட்டை எடுத்தால், "உன் புகைவண்டிய வெளிய போய் ஓட்டுப்பா, இது பஸ் டிப்போ" என்பார். அவர் வாயில் ஒரு பீடியைப் பார்த்தவர் இங்கே உண்டா? இருந்தால் எழுந்து நில்லுங்கள்.

யாரும் எழவில்லை. ஏன் கேட்டேன் தெரியுமா? உள்ளே வரும்போது இருவர் பேசியது காதில் விழுந்தது. "புடிக்காமலா வரும்? மறைச்சு ஊதியிருப்பாருய்யா." அந்தப் பேச்சு அவர் வீடுவரை போயிருக்கிறது. முந்தாநாள் அவர் மனைவி, இந்தத் தங்கை, என்னிடம் கேட்டார்: "அண்ணே, இருபத்தெட்டு வருஷம் கூட இருந்தேன். என்கிட்டயே மறைச்சாரா? சட்டைப் பையெல்லாம் தேடிப் பாத்துட்டேன். நீங்களாவது உண்மையச் சொல்லுங்க."

"அப்புறம் பேசலாம்மா" என்று நழுவி வந்துவிட்டேன். பதில் தெரியாமல் அல்ல, பயத்தால். தங்கையே, அவர் எதையும் மறைக்கவில்லை. மறைத்தவன் நான்.

என் அறையில் இரண்டு இழுப்பறைகள். புகைப்பவர்களின் உடல்நல அட்டைகள் முதலாவதில். அவர்களை ஆண்டுதோறும் நெஞ்சுப் பரிசோதனைக்கு அனுப்புவேன். புகைக்காதவர்கள் இரண்டாவதில். அவர்களை அனுப்புவதில்லை. எந்த விதியும் அப்படிச் சொல்லவில்லை. அது என் ஏற்பாடு. ஒழுங்கு என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

சென்ற ஆண்டு அவர் இருமலோடு வந்தார். இரண்டாவது இழுப்பறை அட்டை. இருமல் மருந்து கொடுத்தேன். மறுபடி வந்தார், மறுபடி கொடுத்தேன். "மருந்து ரொம்ப இனிப்பா இருக்கு கம்பவுண்டர் அண்ணே. இருமலுக்குப் புடிச்சுப் போச்சு, போகமாட்டேங்குது" என்றார். நானும் சிரித்தேனே! எட்டு மாதம்! சளியில் ரத்தம் வந்த பிறகுதான் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன்.

"சிகரெட் உண்டா?" என்றார் மருத்துவர். இல்லை என்றேன். "என்ன வேலை?" சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "பழைய பிரேக் கட்டையில கல்நார், அதாங்க ஆஸ்பெஸ்டாஸ், இருக்கும். ஊதினா அந்தத் தூசி மூச்சோட உள்ள போயிடும். டீசல் புகை வேற, பக்கத்துல இருக்கறவன் விடுற புகை வேற. புடிக்காதவங்களுக்கும் இந்த நோய் வரும் பெரியவரே. இவருக்கு இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல முடியாது. இல்லன்னும் சொல்ல மாட்டேன்."

'என்ன வேலை?' அந்த ஒரு கேள்வியை முப்பத்தொரு ஆண்டுகளில் நான் கேட்டேனா? என் அட்டையில் அதற்கு ஒரு வரி விட்டேனா? மருத்துவர் சொன்னதை நான்கு மாதம் வெளியே சொல்லவும் எனக்குத் துணிவில்லை.

மேலாளர் அவர்களே, "நாலு நல்ல வார்த்தை சொல்லிட்டு இறங்கிடுங்க சார்" என்றீர்கள். மன்னியுங்கள், இன்னும் இறங்க முடியவில்லை. எல்லோரும் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேளுங்கள். கீழே அந்தச் சீறல் கேட்கிறதா? மாலை வண்டிக்காக, அவர் நின்ற இடத்தில் நின்று, அவருடைய குழாயால் இன்னொருவர் ஊதுகிறார். மூக்குக்கு ஒரு துணிகூட இல்லை. அவரும் புகைக்காதவர். அவருடைய அட்டையும் இரண்டாவது இழுப்பறையில்தான் இருக்கிறது. யாராவது போய் நிறுத்துங்கள். அது நிற்கும்வரை நான் பேசப்போவதில்லை.

நின்றுவிட்டது. நன்றி.

நாளை காலை எட்டு மணிக்கு இரண்டாவது இழுப்பறையைத் திறக்கிறேன். நாற்பத்திரண்டு அட்டைகள். கீழே ஊதிக்கொண்டிருந்தவருடையது முதலில். என்ன வேலை, எந்தத் தூசி, எந்தப் புகை என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதி மருத்துவரிடம் அனுப்புவேன். என்னை வேலையைவிட்டு நிறுத்தினால், வாசலில் நின்று கேட்பேன். தோழர்களே, இனி ஊதாதீர்கள். தக்க முகமூடி வரும்வரை, ஈரமாக்கித் துடைக்கும் ஏற்பாடு வரும்வரை, டிரம்மைத் தொடாதீர்கள். அவர் பெயரால் கேட்கிறேன்.

தங்கையே, நீங்கள் வீட்டுக்குப் போனதும் அந்தச் சட்டைகளை மடித்து வைத்துவிடுங்கள். பைகளை இனித் தேட வேண்டாம்.