யமுனைக் கட்டுரைக்குத் துப்பு கொடுத்தவர்

டில்லியில் தமிழ் யாருக்கும் புரியாது என்ற நினைப்பில், ஐ.என்.ஏ. மார்க்கெட் பஸ் நிறுத்தத்தில் ஒரு தகப்பனார் மகளை விசாரித்துக்கொண்டிருந்தார். கையில் அவளுடைய பள்ளி ஆண்டு மலர்.

“யமுனையில எந்தெந்த ஃபாக்டரி சாயத்தண்ணி விடுதுன்னு எழுதியிருக்கியே, யாரு சொன்னா?”

“படிச்சேன்பா.”

“பொய். அது எங்க ஆபீஸ்ல பூட்டி வெச்சிருக்கிற ரிப்போர்ட். உங்க சயின்ஸ் டீச்சர் கொடுத்தாளா?”

“நீங்கதாம்பா கொடுத்தீங்க. நான் கணக்குப் போட்டுப் பார்க்க ஆபீஸ்லேருந்து ஒரு பக்கம் டைப் அடிச்சு, மறுபக்கம் காலியா இருக்கிற பேப்பர் கொண்டுவருவீங்களே. டைப் அடிச்ச பக்கத்தையும் படிச்சேன்.”

அவர் சுற்றிலும் பார்த்தார். நான் பஸ் வரும் திசையைப் பார்த்தேன். மலர் காய்கறிப் பைக்குள், முருங்கைக்காய்க்கு அடியில் போயிற்று.

“எங்க டைரக்டர் பொண்ணு உன் கிளாஸ்தானே? அவ இதைப் பார்த்தாளா?”

“மேப் வரைஞ்சதே அவதான். அவ வீட்டுலயும் அதே பேப்பர்தான்பா.”